உன் கைக்கு நான் செய்த பிடி

தாமு, உன் கல்யாணப் பத்திரிகை நேற்றுக் காலை கூரியரில் வந்தது. கொண்டுவந்தவர் என் பெயரைக் கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த கடைக்குப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தால் அழைப்பவர் இடத்தில் என் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. ஊரை அழைக்கிற அப்பனுக்கே பத்திரிகை கூரியரில் வருகிற கொடுமையை நினைத்து முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். அறுபத்தாறு வயதில் அழுவதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்தக் கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப்போவதில்லை. எழுதி முடித்ததும் உன் அக்கா சுமதியிடம் கொடுக்கப்போகிறேன். அவள் போட்டோ எடுத்து, புத்தூரிலும் நாகலாபுரத்திலும் இருக்கிற நம் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பட்டும். உன்னை 'செம்மரக் கடத்தல் கேஸ்' என்று இத்தனை நாளாய்ச் சொன்னவர்கள் ஒருவர் விடாமல் படிக்கட்டும். நீ பழி சுமந்தது ஊரறிய. நான் உன்னிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்பு. என்னை அறியாதவர்கள் கையிலும் இது போகும் என்பதால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விளக்கமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் திருப்பதியில் துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவன். அரசாங்க லைசென்ஸ் உள்ள கடை. சித்தூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள், ரிட்டையர் ஆன அதிகாரிகள், பழைய ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் என்று லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வருவார்கள். தேய்ந்த ஸ்ப்ரிங், துருப்பிடித்த குழல் எல்லாம் எவனும் பார்ப்பான். என் பெயர் நின்றது பிடியில்தான். அதுவும் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்குப் பிடி போட வேண்டுமென்றால் நெல்லூரிலிருந்துகூட என்னைத் தேடி வந்தார்கள். அந்த வகை ரிவால்வரில் ஒவ்வொரு முறை சுடுவதற்கும் பின்னால் இருக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து ஏற்ற வேண்டும். சுட்டதும் அது உள்ளங்கைக்குள் லேசாக உருண்டு மேலே எழும். எழும்போது ஹேமர் தானாகக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால் அதன் பிடி கையைக் கவ்விப் பிடிக்கக் கூடாது. வழுவழுப்பாக, உருள விடுகிற மாதிரி இருக்க வேண்டும். இது புரியாதவர்கள் அழகுக்கு ஆசைப்படுவார்கள்.

சித்தூர் மாந்தோப்புக்காரர் ஒருவர் வந்தாரே, நினைவிருக்கிறதா? அப்போது நீ டிப்ளமோ கடைசி வருடம். பிடி முழுக்கக் கட்டம் கட்டமாக ஆழ வெட்டித்தரச் சொன்னார். "வேணாங்க, கை கிழிஞ்சிடும், எருமைக் கொம்புல வழவழன்னு போட்டுத் தரேன், இல்லன்னா ஈட்டி மரத்துல போடலாம்" என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. வெட்டிக் கொடுத்தேன். பத்தே நாளில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தோல் உரிந்து திரும்பி வந்து என்னைத்தான் திட்டினார். வேறு பிடி போடச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "செம்மரத்துல போட முடியுமா? கட்ட நான் கொண்டாந்து தரேன்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அந்தக் கட்ட என் கட வாசப்படி ஏறாதுங்க. அதத் தொட்டா லைசென்ஸும் போவும், மானமும் போவும்" என்று கத்திவிட்டேன். அவர் போனதும் நீ உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாய். "இன்னா நைனா, பாம்பக் கண்ட மாதிரி எகிறிக் குதிக்கிற" என்றாய். நம் பக்கத்தில் செம்மரம் என்றாலே பாம்புதான் என்று நான் சொன்னேன். பேச்சில் மட்டும் நான் எப்போதுமே யோக்கியன்.

நான் பிடிக்கு அளவெடுக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். ஸ்கேல், டேப் எதுவும் வைத்து அளப்பதில்லை. கோதுமை மாவில் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, வருகிறவர் கையில் ஓர் உருண்டையைக் கொடுத்து, துப்பாக்கியைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொல்வேன். விரல் பதிந்த மாவை நிழலில் காயவைத்து, அதைப் பார்த்து மரத்தை அரத்தால் ராவுவேன். மாவு பிசைந்து கொடுப்பது உன் அம்மா. "பெரிய பெரிய ஆபீசருங்க கையெல்லாம் என் சப்பாத்தி மாவுலதான் மாட்டிக்கினு கீது" என்று அவள் பெருமையடிப்பாள். அவள் போனபிறகு நானே பிசைந்தேன். மாவு ஒருநாளும் அவள் பதத்துக்கு வரவில்லை.

அவள் போய், சுமதியும் கல்யாணமாகிப் போனபிறகு நாம் இரண்டு ஆண்கள் ஒரு வீட்டில் இருந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். நீ ஷிப்ட் முடிந்து வருவாய், நான் சோறு வைத்திருப்பேன். "துன்னுட்டியா?" என்று நான் கேட்பேன். "துன்னுட்டேன்" என்பாய். அவ்வளவுதான் நம் பேச்சு. மஸ்கட்டில் உனக்கு மெஷின் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்து விசாவும் வந்தபோது எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலப் பெருமையாக இருந்தது. உன்னிடம் நான் சொன்னதோ, "அங்க வெயில் சாஸ்தியாமே" என்பது மட்டும். உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது என்று சொல்லத் தெரியாதவன், உனக்கு ஏதாவது செய்துகொடுக்க நினைத்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

நீ கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு மாவு உருண்டையை உன்னிடம் கொடுத்து, "ஒருத்தருக்கு உன் கை சைஸுதான், கொஞ்சம் புடிச்சிக் குடு" என்றேன். நீயும் நம்பிப் பிடித்துக் கொடுத்தாய். மரத்துக்கு நான் தேடவே இல்லை. உன் அம்மா தையல் மெஷின் ஆடாமல் இருக்க அதன் காலடியில் ஒரு கட்டையை அண்டை கொடுத்து வைத்திருந்தாள். நாகலாபுரத்தில் அவள் பிறந்த வீட்டு மாட்டுக் கொட்டகையைப் பிரித்தபோது மிஞ்சிய கால் துண்டு அது. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் செம்மரத்தில்தான் கொட்டகைக்குக் கால் நடுவார்கள். அது என்ன மரம் என்று எனக்குத் தெரியாதா? தாமு, மரம் பார்த்துப் பிழைத்தவன் நான். தெரியும். ஆனால் கண்ணுக்கு அது செம்மரமாகப் படவில்லை. உன் அம்மாவின் மெஷின் கட்டையாகத்தான் பட்டது. அவள் தொட்டதும் நான் செய்ததும் சேர்ந்து உன் கையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்தக் கட்டையில் இரண்டு பக்கப் பலகையும் இழைத்து, நடுவில் வேப்பமரச் சட்டம் வைத்து, ஒரு பித்தளை ஸ்க்ரூ போட்டு, மேஜைமேல் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு வெறும் பிடி. அதற்குத் துப்பாக்கி கிடையாது, குழல் கிடையாது. ஆளிவிதை எண்ணெய் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அந்தச் சிவப்பு உள்ளே இருந்து எழுந்து வந்தது. நான் செய்ததிலேயே நல்ல பிடி அதுதான். அதைக் கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு, உன் பெட்டியில் ஆவக்காய் டப்பாவுக்கும் சட்டைகளுக்கும் நடுவில் என் தோள்துண்டில் சுற்றி வைத்தேன். மஸ்கட்டில் போய்ப் பெட்டியைத் திறந்து நீ பார்ப்பாய் என்று நினைத்து, நீ ஆட்டோ ஏறும்போது எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் ஸ்கேனில் துப்பாக்கிப் பிடி மாதிரி தெரிந்து பெட்டியைத் திறந்தார்கள். திறந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். சிவப்பைப் பார்த்ததும் அவர்களுக்குத் துப்பாக்கி மறந்துபோயிருக்கும். எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஓர் அறையில் பேப்பர் விரித்து அதன்மேல் என் பிடியை வைத்திருந்தார்கள். நீ சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாய். நீ அந்தத் தோள்துண்டைப் பார்த்த நிமிடமே யார் வைத்தது என்று புரிந்துகொண்டிருப்பாய். நான் உள்ளே நுழையும்போதே நீ தெலுங்கில் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாய்: நானே செய்தேன், கடையில் உட்கார்ந்து விளையாட்டாகச் செய்தேன், அப்பாவுக்குத் தெரியாது.

அதிகாரி மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பிடியைக் காட்டி, "பெத்தாயனா, இதி மீ பனேனா?" என்று கேட்டார். இது நீங்கள் செய்த வேலையா என்று. நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: சுவரில் மாட்டியிருக்கும் லைசென்ஸ். துப்பாக்கிக் கடைக்காரன் செம்மரத்தில் பிடி போட்டான் என்று எழுதினால் அது அன்றோடு போகும். நான் "காது சார்" என்றேன். இல்லை சார். அவ்வளவு சின்ன வார்த்தை. நீ தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாய்.

அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. இவ்வளவு சுத்தமான வேலையை இந்த வயதில் நீ செய்திருக்க முடியுமா என்று உன்னிடம் பிடியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். நீ பிடித்தாய். ஒவ்வொரு விரலும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சுண்டுவிரல் அடியில் மடங்கியது, கட்டைவிரல் மேலே தானாகப் படிந்தது. வேறு யார் கைக்கும் அது அப்படிப் பொருந்தாது. பக்கத்தில் இருந்த இன்னோர் அதிகாரி ஒரு முறை பிடித்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று தலையை ஆட்டினார். அவரவர் கைக்கு அவரவர்தான் இப்படிச் செய்துகொள்ள முடியும் என்று எழுதிக்கொண்டார்கள். உலகத்தில் எந்த அப்பனாவது மகன் கைக்கு விலங்கை இவ்வளவு அளவெடுத்துச் செய்திருப்பானா தாமு? முப்பது வருடம் கற்ற வித்தை முழுவதும் உனக்கு எதிராகச் சாட்சி சொல்ல, நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன மரத்துண்டுதானே, அபராதம் போட்டு விட்டுவிடுவார்கள், அடுத்த வாரம் பிளேன் ஏறிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரம் என்ன மரம் என்று சோதனைக்குப் போனது. பாஸ்போர்ட் உள்ளே போனது. மஸ்கட் கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. ஜாமீனில் வந்த அன்று நீ வீட்டுக்கு வந்து ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, "நைனா, நான் கெளம்புறேன்" என்றாய். நான் அப்போதாவது உன் காலில் விழுந்திருக்க வேண்டும். "பஸ்ஸு இப்ப இருக்குமா?" என்று கேட்டேன். நீ ஸ்ரீசிட்டி ஃபேக்டரி ஒன்றில் வேலை தேடிக்கொண்டு, நாயுடுபேட்டையில் அறை எடுத்துக்கொண்டாய். ஆறு வருடம் ஆகிவிட்டது. போன வருடம் கேஸ் முடிந்ததைக்கூடச் சுமதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் லைசென்ஸ் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் சுவரில் இருக்கிறது. தினமும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்து வேலை செய்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு தடவை பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். போன மாதம் உன் மாமனார் கடைக்கு வந்தார். பெண் கொடுக்கப்போகிறவர் பையன் வீட்டைப் பார்க்க வருவது வழக்கம்தானே. நல்ல மனிதர், நிதானமாகப் பேசினார். "கேஸ் விஷயம் எல்லாம் தம்பியே சொல்லிட்டாருங்க. நைனாவுக்குத் தெரியாம வெளையாட்டா செஞ்சிட்டேன், என்னால அவருக்குத்தான் தலகுனிவுன்னு வருத்தப்பட்டாரு" என்றார். சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். ஒரு நிமிடம் முழுதாக இருக்கும். நான், "இன்னொரு டீ சொல்லட்டுங்களா?" என்றேன். இந்தத் தடவை லைசென்ஸ் போய்விடும் என்ற பயம்கூட இல்லை. பழகிவிட்டது, வேறொன்றும் இல்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை போய்விட்டது. ஆனாலும் கெட்டுப்போனவன் தன் கேட்டைப் பற்றிச் சொன்னால் அதில் பொய் இருக்காது. உன் அம்மா என்னோடு வாழ்ந்த இருபத்தெட்டு வருடத்தில் நான் அவளிடம் சொல்ல நினைத்துச் சொல்லாத வார்த்தைகள் ஏராளம். சமைத்தது நன்றாக இருக்கிறது என்பதைக்கூட இன்னொரு கரண்டி கேட்டு வாங்கித்தான் காட்டுவேன். அவளுக்கு அது புரியும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "உங்களுக்கு என்னப் புடிச்சிதா, இல்லயா?" என்று கேட்டாள். அப்போதும் நான் போர்வையைச் சரிசெய்தேன். நீ அந்தப் பெண்ணிடம் வாயைத் திறந்து சொல். ஆசையையும் சொல், தப்பையும் சொல், அன்றைக்கே சொல். பொருளாகச் செய்து கொடுத்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடாதே. நான் உனக்குச் செய்துகொடுத்த பொருள் உன்னை என்ன செய்தது என்று உனக்குத் தெரியும்.

நேற்றுப் பத்திரிகையைப் பார்த்தபிறகு கடையில் இருக்க முடியவில்லை. பூட்டிக்கொண்டு நாயுடுபேட்டை பஸ் ஏறினேன். நீ வேலையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் போனேன். உன் முகத்தைப் பார்த்தால் மறுபடி வாய் அடைத்துவிடும் என்று பயம். உன் மாமனார் வீடும் அங்கேதானே; வாசலில் அவர் பந்தல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி" என்று எழுந்து வந்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாவு உருண்டை, மெஷின் கட்டை, தோள்துண்டு, "காது சார்" எல்லாம். பந்தல்காரர்கள் மூங்கிலை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்கள். கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

அவர் முகத்தில் கோபமோ ஆச்சரியமோ வரவில்லை. என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"தெரியுங்க சம்பந்தி. தம்பி எங்க பொண்ணுகிட்ட மொதல்லயே நெசத்தச் சொல்லிட்டாரு. அவ எங்கிட்ட சொன்னா. உங்களாண்ட நாங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. அன்னிக்கு நான் கடைக்கு வந்தது, நீங்களா ஒரு வார்த்த சொல்லுவீங்களான்னு பாக்கத்தான்."

"அவன் அனுப்புனானா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆமாங்க. திரும்பிப் போனதும், நைனா சொன்னாரான்னு கேட்டாரு. சொல்லல தம்பின்னேன். அப்பறம், 'இன்னும் ஒரு தடவ போய்ப் பாருங்க மாமா, அவருக்குச் சொல்ல வர்றதுக்கு நேரம் ஆவும்'னாரு."

தாமு, ஆறு வருடம் ஆகிவிட்டது. உன் மாமனாரை இன்னொரு தடவை அனுப்ப வேண்டாம். அந்தப் பிடியைச் செய்தது நான்.